வெளிநாட்டில் ஆங்கிலம் கற்பிக்க ரெஸ்யூமே: அதில் வகுப்பறை எங்கே?

கேள்வி, மார்ச் 2

ஆறு வருடமாகப் பள்ளியில் ஆங்கிலம் எடுக்கிறேன். எம்.ஏ. ஆங்கிலம், பி.எட். முடித்திருக்கிறேன். வெளிநாட்டு மொழிப்பள்ளிகளுக்கு விண்ணப்பம் அனுப்பிக்கொண்டே இருக்கிறேன், பதிலே வருவதில்லை. தாய்மொழி ஆங்கிலம் இல்லை என்று தெரிந்ததுமே ஒதுக்கிவிடுகிறார்கள் என்பது என் எண்ணம். குடியுரிமையைப் போடாமல் விட்டால் நேர்காணல் வரைக்குமாவது போகலாம் அல்லவா? ரெஸ்யூமே இரண்டு பக்கம். நோக்கம், படிப்பு, அனுபவம், கணினித் திறன், பொழுதுபோக்கு எல்லாம் இருக்கிறது. இதில் என்ன குறை?

மார்ச் 2, இரவு

குடியுரிமையை மட்டும் மறைக்காதீர்கள். மற்றதை அப்புறம் பேசலாம்.

வெளிநாட்டு மொழிப்பள்ளி ஒன்றில் நான் கற்பித்துக்கொண்டிருந்தபோது, புது ஆசிரியர்களை எடுக்கும் பருவத்தில் விண்ணப்பங்களைப் பிரித்துப் பார்க்க என்னையும் உட்காரவைத்தார்கள். பாடப் பொறுப்பாளர் ஒரு தாளைக் கையில் எடுத்ததும் நேராகக் குடியுரிமை வரிக்குப் போவார். அடுத்தது பட்டம். அடுத்தது சான்றிதழ், எத்தனை மணி நேரப் பயிற்சி என்பது. அதற்கடுத்தது எப்போது வந்து சேர முடியும். இந்த நான்கும் முதல் பக்கத்தின் மேல் பாதியிலேயே கிடைத்தால் தாள் வலப்பக்கம் போகும். ஒன்று கிடைக்காவிட்டாலும் இடப்பக்கம். இடப்பக்கக் குவியலை யாரும் மறுபடி எடுத்துப் பார்த்ததாக எனக்கு நினைவில்லை. வேண்டுமென்றே மறைத்தவர், போட மறந்தவர் என்ற வேறுபாடெல்லாம் அங்கே கிடையாது.

இதில் வெறுப்பு ஒன்றும் இல்லை. விசா எடுக்க முடியாத ஒருவரை நேர்காணல் செய்து இரு தரப்புக்கும் பயனில்லை, அவ்வளவுதான். உங்கள் ரெஸ்யூமேயை முதலில் எடுப்பவர் விசாவுக்காகப் படிக்கிறார். அவரைத் தாண்டிய பிறகுதான் வகுப்பறைக்காகப் படிப்பவரின் கைக்கு அது போகும். இந்த இரண்டு பேருக்கும் ஒரே தாளில் எழுத வேண்டியிருக்கிறது.

மார்ச் 3

முதலாமவருக்கு என்ன வேண்டும் என்பது நாட்டுக்கு நாடு மாறும். ஒரே ரெஸ்யூமேயை எல்லா நாட்டுக்கும் அனுப்பினால் பதில் வராததற்கு அதுவே பாதிக் காரணமாக இருக்கலாம்.

தென்கொரியாவில் மொழிப் பயிற்றுநர்களுக்கான இ-2 விசா ஏழு நாட்டுக் குடிமக்களுக்குத்தான்: அமெரிக்கா, கனடா, பிரிட்டன், அயர்லாந்து, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, தென்னாப்பிரிக்கா. 2010-இல் நடைமுறைக்கு வந்த இந்திய-கொரிய பொருளாதார ஒப்பந்தத்தால் இந்தியக் குடிமக்களுக்கு ஒரு சிறு வாசல் உண்டு. அதுவும் ஆங்கில உதவி ஆசிரியர் வேலைக்கு; பட்டத்தோடு ஆங்கிலப் பாடத்துக்கான ஆசிரியர் தகுதிச் சான்றும் வேண்டும். நீங்கள் இந்தியக் குடிமகள் என்றால் உங்கள் பி.எட். அங்கே முதல் வரியில் நிற்க வேண்டியது. ஏழு நாடுகளிலும் சேராமல் இந்த வாசலும் இல்லாதவர்கள், கொரியாவின் தனியார் பயிற்சி நிலையங்களுக்கு அனுப்பி மனம் நோக வேண்டாம். அங்கே ரெஸ்யூமே எவ்வளவு நன்றாக இருந்தாலும் விசா கிடைக்காது.

சீனாவிலும் ஆங்கிலம் கற்பிக்க, ஆங்கிலம் தாய்மொழியான நாட்டுக் குடியுரிமையைப் பொதுவாக எதிர்பார்க்கிறார்கள். இளங்கலைப் பட்டம் வேண்டும். அதற்கு மேல் இரண்டு ஆண்டு பணி அனுபவம், அல்லது அதற்கு ஈடாகக் கல்வியியல் பட்டமோ ஆங்கிலம் கற்பிக்கும் சான்றிதழோ கேட்பார்கள்.

ஜப்பானில் கதையே வேறு. பள்ளியில் மொழி கற்பிக்கும் இன்ஸ்ட்ரக்டர் விசாவுக்கு, கற்பிக்கப்போகும் மொழியிலேயே 12 ஆண்டுக் கல்வி பெற்றிருக்க வேண்டும் என்று நிபந்தனை இருக்கிறது. எந்த நாட்டில் பிறந்தீர்கள் என்பதைவிட எந்த மொழியில் படித்தீர்கள் என்பதே அங்கே பெரிது. ஆங்கிலவழியில் படித்த நம்மவர்கள் பலர் இந்த ஒரு வரியைப் போடாமல் விட்டுவிடுகிறார்கள். படிப்புப் பகுதியில் பள்ளியின் பெயர், எந்த ஆண்டிலிருந்து எந்த ஆண்டு வரை, பயிற்றுமொழி ஆங்கிலம் என்று எழுதுங்கள். பட்டம் வாங்கியவர் பள்ளிப் படிப்பைப் போட வேண்டாம் என்று ரெஸ்யூமே ஆலோசனை சொல்பவர்கள் எல்லோரும் சொல்வார்கள். இந்த வேலைக்கு அந்த ஆலோசனையைக் கேட்காதீர்கள்.

தாய்லாந்து, வியட்நாம் இரண்டிலும் வாசல் இதைவிட அகலம். பட்டமும் கற்பித்தல் சான்றிதழும் அடிப்படை. தாய்மொழி ஆங்கிலம் இல்லாதவர்களிடம் தேர்வு மதிப்பெண் கேட்பது வழக்கம். வளைகுடாப் பல்கலைக்கழகங்களின் ஆங்கில ஆயத்தப் பிரிவுகள் பட்டத்தைத்தான் பார்க்கும்: டெசால் (பிறமொழியினருக்கு ஆங்கிலம் கற்பித்தல்) அல்லது பயன்பாட்டு மொழியியலில் முதுகலை, அதற்குப் பிறகு சில ஆண்டு அனுபவம்.

மார்ச் 3, பிற்பகல்

"தாய்மொழிக்கு நிகரான ஆங்கிலம்" என்று போடலாமா என்று இன்னொருவர் கேட்டிருக்கிறார். வேண்டாம். அது உங்களைப் பற்றி நீங்களே கொடுத்துக்கொள்ளும் சான்று. ஐஎல்ட்ஸ் என்ற ஆங்கிலத் திறன் தேர்வு எழுதியிருந்தால் மதிப்பெண்ணையும் தேர்வெழுதிய மாதத்தையும் போடுங்கள். அதன் முடிவை இரண்டு ஆண்டு வரைக்கும்தான் ஏற்பார்கள், ஆகவே தேதி இல்லாத மதிப்பெண் சந்தேகத்தையே கிளப்பும். மொழித்திறனை ஏ1 முதல் சி2 வரை அளக்கும் ஐரோப்பிய அளவுகோலில் சி1, சி2 என்று குறிப்பதும் நல்லது. 2001-இல் வெளியான அந்த அளவுகோலை இந்தத் துறையில் தெரியாதவர் இல்லை.

மொழிகள் என்ற தலைப்பில் தமிழை முதலில் போடுங்கள். வெட்கப்பட என்ன இருக்கிறது? ஒரு மொழியைப் பிறப்பால் பெற்று இன்னொன்றைப் படித்துக் கற்றவருக்கு, கற்பவர் எங்கே தடுக்கி விழுவார் என்பது தெரியும்.

மார்ச் 5

இப்போது இரண்டாமவருக்கு, வகுப்பறைக்காகப் படிப்பவருக்கு வருவோம். இந்த இழையில் நான் சொல்ல நினைப்பதே இதைத்தான்.

உங்கள் ரெஸ்யூமேயின் அனுபவப் பகுதியில் இருக்கும் வரி: "ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரை ஆங்கிலம் கற்பிக்கும் பொறுப்பை வகித்தேன், பாடத்திட்டத்தை உரிய காலத்தில் முடித்தேன், மாணவர்களின் ஒட்டுமொத்த வளர்ச்சிக்குப் பாடுபட்டேன்." உண்மைதான். ஆனால் உங்கள் பெயரை எடுத்துவிட்டு வேறு எந்த ஆசிரியரின் பெயரைப் போட்டாலும் இந்த வரி அப்படியே பொருந்தும். படிப்பவருக்கு உங்கள் வகுப்பில் ஒரு முகம்கூடத் தெரியவில்லை.

நேற்று நான் கேட்டதற்கு நீங்கள் சொன்னதை இங்கே எடுத்து வைக்கிறேன், அனுமதி கொடுத்ததற்கு நன்றி. வயது 11 முதல் 13. ஒரு வகுப்பில் 45 பேர். வாரம் 26 பீரியட். எழுதச் சொன்னால் எழுதுவார்கள், வாய் மட்டும் திறக்க மாட்டார்கள். பெஞ்சுகள் தரையோடு பொருத்தப்பட்டவை, நகர்த்த முடியாது. அதனால் முன்வரிசையில் இருக்கும் இருவரைப் பின்பக்கம் திரும்பி உட்காரச் சொல்லி நான்கு நான்கு பேராகக் குழு அமைத்தீர்கள். ஒரே படத்தின் சற்றே மாறுபட்ட இரண்டு பிரதிகள்: ஒன்று முன்வரிசைக்கு, ஒன்று பின்வரிசைக்கு. அடுத்தவர் படத்தைப் பார்க்கக் கூடாது, கேள்வி கேட்டே வித்தியாசங்களைக் கண்டுபிடிக்க வேண்டும். முதல் வாரம் தமிழில்தான் கேட்டார்கள். அப்புறம் கேள்வியின் தொடக்கத்தை மட்டும் கரும்பலகையில் எழுதிப் போட்டீர்கள். ஆண்டு முடிவில் ஒவ்வொரு பிள்ளையும் எழுந்து நின்று குறிப்பைப் பார்க்காமல் ஒரு நிமிடம் பேசியது.

இவ்வளவும் செய்துவிட்டு "ஒட்டுமொத்த வளர்ச்சிக்குப் பாடுபட்டேன்" என்று எழுதியிருக்கிறீர்கள்!

நீங்கள் செய்ததற்கு இந்தத் துறையில் பெயர் இருக்கிறது, இன்ஃபர்மேஷன் கேப். கரும்பலகையில் கேள்வித் தொடக்கம் எழுதிப் போட்டதற்கும் பெயர் உண்டு, ஸ்கஃபோல்டிங். செல்டா என்ற ஆங்கிலக் கற்பித்தல் சான்றிதழ் படித்தவர் எவரும் இந்தப் பெயர்களைப் பார்த்ததும் இவர் நம்மில் ஒருவர் என்று புரிந்துகொள்வார். பெயர் தெரியாமலேயே செய்திருக்கிறீர்கள், நல்லது. இப்போது தெரிந்துவிட்டது, போடுங்கள்.

திருத்திய வடிவம், பொருளை மட்டும் தமிழில் தருகிறேன்:

"11–13 வயது, வகுப்புக்கு 45 மாணவர்கள், வாரம் 26 பீரியட், ஏறத்தாழ ஏ2 நிலை. இருக்கைகளை நகர்த்த முடியாத அறையில் நால்வர் குழுக்களாக இன்ஃபர்மேஷன் கேப் பயிற்சிகளை வாரந்தோறும் நடத்தினேன். ஆண்டு முடிவில் மாணவர்கள் அனைவரும் குறிப்பின்றி ஒரு நிமிடம் பேசினர்."

ஆங்கிலத்தில் எழுதும்போது "நான்" வேண்டாம். ஒவ்வொரு வரியும் வினைச்சொல்லில் தொடங்கட்டும். பொறுப்பு வகித்தேன் என்பதை அடியோடு எடுத்துவிடுங்கள். பொறுப்பு எல்லோருக்கும் கொடுக்கப்படும், அதை வைத்து என்ன செய்தீர்கள் என்பதுதான் கேள்வி.

மார்ச் 6

"எங்கள் பள்ளியில் ஏ2, பி1 என்றெல்லாம் பிரிக்க மாட்டார்கள். நானாக எப்படி எழுதுவது?" நியாயமான கேள்வி.

அந்த அளவுகோலே "இன்னது செய்ய முடியும்" என்ற வரிகளால் ஆனதுதான். உங்கள் மாணவர் தன்னை அறிமுகப்படுத்திக்கொண்டு, எதிரே இருப்பவர் மெதுவாகப் பேசினால் எளிய கேள்விக்குப் பதில் சொல்வார் என்றால் ஏ1. தன் வீடு, அன்றாட வேலை பற்றிச் சின்னச் சின்ன வாக்கியங்களில் சொல்லி, பழக்கமான விஷயத்தில் நேரடியாகக் கேட்டுச் சொல்லிக்கொள்வார் என்றால் ஏ2. நடந்ததை விவரித்து, தன் கருத்துக்குச் சுருக்கமாகக் காரணமும் சொல்வார் என்றால் பி1. அந்த வரிகளை எடுத்து வைத்துக்கொண்டு உங்கள் வகுப்பில் நடுவில் நிற்கும் பிள்ளையை நினைத்துப் பாருங்கள். முதல் மாணவரையும் கடைசி மாணவரையும் நினைக்காதீர்கள். "ஏறத்தாழ" என்ற சொல்லைச் சேர்த்தால் யாரும் குறை சொல்லப்போவதில்லை.

நிலையை ஒரு படி ஏற்றிப் போட ஆசை வரும். வேண்டாம். பி1 வகுப்பு என்று எழுதியிருந்தால், அந்த வகுப்புக்கு எடுத்த ஒரு பாடத்தை விவரியுங்கள் என்று நேர்காணலில் கேட்பார்கள். பாடத்தைச் சொன்ன உடனே நிலை தெரிந்துவிடும். தொடக்கநிலை வகுப்பை எடுப்பதுதான் கடினம் என்று கேட்பவருக்குத் தெரியும்.

மார்ச் 8

சான்றிதழ்கள். இந்தப் பேச்சு வந்தால் எனக்குக் கொஞ்சம் கோபம் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

செல்டா என்பது கேம்பிரிட்ஜ் தரும் சான்றிதழ். குறைந்தது 120 மணி நேர வகுப்பு. அதற்குள் 6 மணி நேரம் நிஜமான மாணவர்களுக்கு, இரண்டு வெவ்வேறு நிலைகளில், பயிற்சியாளர் பின்னால் உட்கார்ந்து பார்க்கப் பாடம் எடுத்திருக்க வேண்டும். அனுபவமுள்ள ஆசிரியர்களின் வகுப்பையும் உட்கார்ந்து கவனிக்க வேண்டும். டிரினிட்டி தரும் செர்ட் டெசால் இதற்கு இணை. இவை இரண்டையும் எந்த நாட்டிலும் விளக்க வேண்டியதில்லை.

டெஃபல் என்ற பெயரில் இணையத்தில் விற்கப்படும் "120 மணி நேர" சான்றிதழ்கள் வேறு. சில நன்றாகவே கற்றுத்தருகின்றன. சில, கட்டணம் கட்டிவிட்டு வினாத்தாளில் டிக் அடித்தால் வந்துவிடும். உலகம் முழுவதற்கும் இவற்றைக் கட்டுப்படுத்தும் ஒரே அமைப்பு என்று எதுவும் கிடையாது. மணி நேரம் ஒன்றாக இருப்பதால் இரண்டும் ஒன்று என்று நினைத்துப் பலர் கடன் வாங்கிப் பணத்தைக் கட்டுகிறார்கள். விற்பவர்கள் யாரும் அந்த வேறுபாட்டைச் சொல்வதில்லை. அதுதான் என் கோபம்.

அப்படி ஒன்றை ஏற்கெனவே வாங்கியவர்கள் என்ன செய்வது? தாராளமாகப் போடுங்கள். பயிற்சியின் பெயர், மணி நேரம், ஆண்டு, முழுக்க இணையவழியா என்பதை அப்படியே எழுதுங்கள். விசாவுக்குச் சில நாடுகளில் அது போதும். பாடம் எடுத்துப் பழகும் பகுதி அதில் இல்லாவிட்டால், அந்தக் குறையை அடுத்த பகுதியில் இருக்கும் உங்கள் ஆறு வருடம் நிரப்பிவிடும்.

கேம்பிரிட்ஜின் டிகேடி பற்றியும் கேட்டிருந்தார்கள். அது பயிற்சி அல்ல, தேர்வு. தேர்ச்சி, தோல்வி கிடையாது, 1 முதல் 4 வரை பேண்ட் தருவார்கள். எந்த மாட்யூலில் எந்த பேண்ட் என்று போடுங்கள். செல்டாவுக்குப் பணம் சேரும் வரை, கற்பித்தல் முறைகளைப் பற்றித் தெரியும் என்று காட்ட நல்ல வழி.

மார்ச் 9

படம் வைக்கலாமா? பிரிட்டன், அமெரிக்கா, கனடா என்றால் வேண்டாம். படம், வயது, மணமானவரா என்ற விவரம் எதுவும் அங்கே போடுவதில்லை. ஜப்பான், கொரியா, சீனா, வளைகுடா என்றால் படம் எதிர்பார்க்கிறார்கள், பல இடங்களில் விண்ணப்பத்திலேயே அதற்குக் கட்டம் இருக்கும். வெளிர்ப் பின்னணி, நேராகப் பார்க்கும் முகம். கல்யாணத்தில் எடுத்ததை வெட்டி ஒட்டாதீர்கள், ஓரத்தில் யாருடைய தோளாவது தெரியும்.

மார்ச் 9, இரவு

சொல்ல விட்டுப்போனது: பிரிட்டிஷ் எழுத்துக்கூட்டலா, அமெரிக்க எழுத்துக்கூட்டலா என்று தீர்மானித்து, தாள் முழுக்க அதையே வைத்துக்கொள்ளுங்கள். பள்ளியின் இணையதளம் எதைப் பயன்படுத்துகிறதோ அதுவே உங்களுக்கும். ஆங்கில ஆசிரியரின் ரெஸ்யூமேயில் ஒரே சொல் இரண்டு விதமாக இருந்தால் கண்ணில் உறுத்தும்.

மார்ச் 12

இரண்டு பக்கத்தை ஒரே பக்கமாகச் சுருக்குங்கள் என்று நடுவில் ஒருவர் சொல்லியிருக்கிறார். மொழிப்பள்ளிக்கு அது சரி. ஆறு வருட அனுபவத்துக்கு ஒரு பக்கம் தாராளம். ஆனால் எல்லா வேலைக்கும் அதையே சொல்ல முடியாது.

பல்கலைக்கழகத்துக்கு அனுப்பும்போது முழு விவரத் தாள் வேண்டும். எழுதிய கட்டுரைகள், கலந்துகொண்ட மாநாடுகள், ஆய்வேட்டின் தலைப்பு எல்லாம் வரும், இரண்டு மூன்று பக்கம் போகும். ஐரோப்பிய நாடுகளில் யூரோபாஸ் என்ற பொது வடிவம் 2005-லிருந்து இருக்கிறது. கேட்டால் மட்டும் அதில் நிரப்புங்கள், கேட்காத இடத்துக்கு நீளம் அதிகம்.

பன்னாட்டுப் பள்ளிகள் இன்னொரு தனி உலகம். அங்கே ஆங்கிலத்தை மொழிப்பள்ளியைப் போலக் கற்பிப்பதில்லை. இலக்கியம் உட்பட ஒரு பாடமாகவே கற்பிக்கிறார்கள். ஐஜிசிஎஸ்இ, ஐபி போன்ற பாடத்திட்டங்களில் எடுத்திருக்கிறீர்களா என்று பார்ப்பார்கள். செல்டாவைவிடக் கல்வியியல் பட்டத்துக்கும் ஆசிரியர் தகுதிச் சான்றுக்கும்தான் மதிப்பு. உங்களிடம் பி.எட். இருக்கிறது, எம்.ஏ.வும் இருக்கிறது. மொழிப்பள்ளிகளை மட்டும் ஏன் குறிவைக்கிறீர்கள்? நாள் போகப் போக எனக்கு இந்த யோசனைதான் வலுக்கிறது. மொழிப்பள்ளிகளில் பாஸ்போர்ட்டைப் பார்க்கும் வழக்கம் அதிகம். பன்னாட்டுப் பள்ளிகளிலும் அது இல்லாமல் இல்லை, ஆனால் உங்கள் தகுதிகள் அங்கே கூடுதலாகப் பேசும். ஆகவே இரண்டு ரெஸ்யூமே தயார் செய்யுங்கள். ஒன்றில் பேச்சுப் பயிற்சி மேலே வரட்டும். மற்றதில் பாடத்திட்டம், தேர்வுத் தயாரிப்பு, வகுப்பாசிரியர் பொறுப்பு மேலே வரட்டும்.

மார்ச் 13

"விசாவுக்குத் தடையே இல்லாத நாட்டில்கூட 'நேட்டிவ் மட்டும்' என்று விளம்பரம் போடுகிறார்களே, அங்கே என்ன செய்வது?"

அது அநியாயம்தான், மழுப்ப வேண்டியதில்லை. ஆங்கில ஆசிரியர்களுக்கான பன்னாட்டு அமைப்பான டெசாலே 2006-இல் இந்தப் பாகுபாட்டை எதிர்த்து நிலைப்பாட்டு அறிக்கை வெளியிட்டது. தாய்மொழி எது என்பதை வைத்து அல்லாமல் கற்பிக்கும் திறனையும் பயிற்சியையும் வைத்து ஆளை எடுங்கள் என்பதுதான் அதன் சாரம். இருந்தும் விளம்பரங்கள் வந்துகொண்டுதான் இருக்கின்றன.

நான் செய்தது: அந்த நாட்டுச் சட்டம் தடுக்கவில்லை என்று உறுதிப்படுத்திக்கொண்டு, விளம்பரத்தையும் மீறி அனுப்பினேன். கவர் லெட்டரின் முதல் பத்தியிலேயே "என் தாய்மொழி தமிழ். விசா விதிப்படி நான் தகுதியானவர். என் வகுப்பு நடக்கும் விதம் இதோ" என்று எழுதி, பத்து நிமிட வகுப்புப் பதிவின் இணைப்பை வைத்தேன். பெரும்பாலும் பதில் இல்லை. பதில் வந்த இடங்களில் அந்தப் பதிவைப் பார்த்துவிட்டுத்தான் எழுதியிருந்தார்கள். என்னை எடுத்துக்கொண்ட பள்ளியும் அப்படி வந்ததுதான்.

ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம். பத்து நிமிடம் போதும். ஆனால் அதில் நீங்கள் பேசுவது குறைவாகவும் மாணவர்கள் பேசுவது அதிகமாகவும் இருக்க வேண்டும். ஆசிரியர் பேசும் நேரம் எவ்வளவு என்பதைத்தான் பார்ப்பவர் முதலில் கவனிப்பார். பிள்ளைகளின் முகம் தெரிகிறது என்றால் பள்ளியிடமும் பெற்றோரிடமும் அனுமதி வாங்காமல் பதிவு செய்யவே கூடாது. கேமராவைப் பின்வரிசைக்குப் பின்னால் வைத்தால் முதுகுகள் மட்டும் தெரியும், அதற்கும் கேட்டுக்கொள்வது நல்லது.

மார்ச் 15

குழந்தை பிறந்தபின் இரண்டு வருடம் வேலைக்குப் போகவில்லை, அதை எப்படி மறைப்பது என்று கேட்கிறீர்கள். மறைக்க அதில் என்ன இருக்கிறது? எந்த ஆண்டிலிருந்து எந்த ஆண்டு வரை என்று போட்டு, குடும்பப் பொறுப்பு என்று ஒரே வரி. அவ்வளவே. மாதங்களை நீக்கிவிட்டு ஆண்டுகளை மட்டும் போட்டு இடைவெளியை மூடுவது பழைய உத்தி. வேலை கிடைத்த பிறகு முந்தைய பள்ளியின் அனுபவச் சான்றிதழைக் கேட்பார்கள். அதில் மாதமும் நாளும் தெளிவாக இருக்கும். ரெஸ்யூமேக்கும் சான்றிதழுக்கும் இடையே ஒரு மாதம் உதைத்தாலும் பணி அனுமதி விண்ணப்பம் அங்கேயே நின்றுவிடும்.

அந்த இரண்டு வருடத்தில் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளுக்கு மாலையில் ஆங்கிலம் சொல்லிக்கொடுத்தேன் என்று போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்கள். அது கற்பித்தல்தானே? எத்தனை பேர், என்ன வயது, வாரத்துக்கு எத்தனை மணி நேரம். எழுதுங்கள்!

மார்ச் 16

பொழுதுபோக்கு: புத்தகம் படிப்பது, இசை கேட்பது. எடுத்துவிடுங்கள். பள்ளியில் பிள்ளைகளை வைத்து ஆங்கில நாடகம் போட்டதாகச் சொன்னீர்களே, அதை அனுபவத்துக்குள் கொண்டுவாருங்கள். சிறு பிள்ளைகளுக்குக் கற்பிக்கும் வேலைகளில் அது பெரிய பலம்.

கணினித் திறனில் எம்எஸ் ஆபீஸ் என்று போட்டு இனிப் பயனில்லை. ஜூமில் குழு அறைகளாகப் பிரித்து வகுப்பு நடத்தினீர்களா, கூகுள் கிளாஸ்ரூமில் வேலை கொடுத்துத் திருத்தினீர்களா என்பதை எழுதலாம்.

நோக்கம் என்ற பகுதியை முழுக்க எடுத்துவிட்டு, அந்த இடத்தில் இரண்டே வரி: எத்தனை வருட அனுபவம், எந்த வயதினர், என்ன தகுதி, எந்தத் தேதியிலிருந்து வர முடியும்.

மார்ச் 19

பெயர். சின்ன விஷயமாகத் தெரியும், ஆளைப் படுத்திவிடும். கடவுச்சீட்டில் இருப்பது போலவே ரெஸ்யூமேயிலும் இருக்கட்டும். பட்டச் சான்றிதழில் இனிஷியலோடும் கடவுச்சீட்டில் இனிஷியலை விரித்தும் இருந்தால், இரண்டும் ஒரே ஆள்தான் என்று உறுதிச் சான்று வாங்க வேண்டிவரும். வேலை கிடைத்த பிறகு இதற்காக ஓடினால் சேர வேண்டிய தேதி தாண்டிவிடும். இப்போதே எடுத்துப் பாருங்கள்.

அதோடு சேர்த்து இன்னொன்று. பட்டத்தையும் காவல்துறைத் தடையின்மைச் சான்றையும் அப்போஸ்டில் (ஆவணம் உண்மையானது என்று அரசு தரும் சான்று) செய்தோ, தூதரகத்தில் சான்றொப்பம் பெற்றோ தரச் சொல்வார்கள். எது என்பது இரு நாடுகளையும் பொறுத்தது. அப்போஸ்டில் 1961 ஹேக் உடன்படிக்கையில் வந்த முறை, அதில் சேராத நாட்டுக்குத் தூதரக வழிதான். பட்டச் சான்றிதழுக்கு அந்த வேலை ஏற்கெனவே முடிந்திருந்தால் ரெஸ்யூமேயில் ஒரு வரி போடுங்கள். முதலாவதாகப் படிக்கும் அந்த விசாக்காரருக்கு அது தேன். காவல்துறைச் சான்றை மட்டும் முன்கூட்டி வாங்காதீர்கள், சில மாதங்களுக்குள் எடுத்ததாக இருக்க வேண்டும் என்பார்கள்.

மார்ச் 20

சீனாவைப் பற்றி மார்ச் 3-இல் எழுதியதோடு ஒன்று சேர்த்துக்கொள்ளுங்கள். அங்கே 2021-இல் பள்ளிப் பாடங்களுக்கான தனியார் பயிற்சியைக் கடுமையாகக் கட்டுப்படுத்தும் கொள்கை வந்தது. சிறுவர்களுக்கான ஆங்கிலப் பயிற்சி நிலையங்கள் ஏராளமாக மூடப்பட்டன, வெளிநாட்டில் இருந்தபடி இணையவழியில் அங்குள்ள பிள்ளைகளுக்குக் கற்பிக்கும் வேலையும் அதோடு போயிற்று. அதற்கு முந்தைய ஆலோசனைகளைப் படித்துவிட்டு ரெஸ்யூமே தயார் செய்யாதீர்கள். எந்த நாட்டைப் பற்றி எதைப் படித்தாலும் எழுதிய ஆண்டைப் பாருங்கள், நான் எழுதியதையும் சேர்த்து.

மார்ச் 22

ரெஸ்யூமேயில் கடவுச்சீட்டு எண்ணை யாரும் போடாதீர்கள். குடியுரிமை போதும். ஒப்பந்தம் கையில் வந்து, பள்ளி உண்மையானது என்று தெரிந்த பிறகுதான் நகல்.

வேலை தருவதற்கு உங்களிடம் பணம் கேட்பவர், சுற்றுலா விசாவில் வாருங்கள், வந்தபின் மாற்றிக்கொள்ளலாம் என்பவர், நேர்காணலே இல்லாமல் ஒப்பந்தம் அனுப்புபவர் மூவரிடமிருந்தும் விலகி நில்லுங்கள். சுற்றுலா விசாவில் போய் வகுப்பெடுத்து மாட்டிக்கொண்டவர்களை எனக்குத் தெரியும். அபராதம், நாடு கடத்தல் எல்லாம் ஆசிரியர் தலையில்தான் விழுந்தது. அழைத்த ஏஜென்ட் தொலைபேசியை எடுக்கவே இல்லை.

மார்ச் 27

உங்கள் புது வரைவைப் படித்தேன். ஒரு பக்கம், மேல் பாதியில் நான்கும் இருக்கிறது, அனுபவப் பகுதியில் வகுப்பு தெரிகிறது. நாடக வரி அருமை: "எட்டாம் வகுப்பினர் 30 பேர், மாணவர்களே எழுதிய இருபது நிமிட நாடகம்." இதைப் பற்றி நேர்காணலில் கட்டாயம் கேட்பார்கள். பேசத் தெரியாத பிள்ளைக்கு என்ன பாத்திரம் கொடுத்தீர்கள் என்று யோசித்து வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டு திருத்தம். "ஆங்கிலத்தில் 90 சதவீதம் தேர்ச்சி" என்ற வரியை எடுத்துவிடலாம். உங்கள் பள்ளித் தேர்வு எப்படிப்பட்டது என்று வெளிநாட்டில் இருப்பவருக்குத் தெரியாது, அந்த எண்ணால் அவருக்கு எதையும் ஒப்பிட முடியாது. ஒரு நிமிடப் பேச்சு யாருக்கும் புரியும்.

அடுத்தது, பரிந்துரைப்பவர்கள். "கேட்டால் தரப்படும்" என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த இடத்துக்கு இரண்டு பேரின் பெயர், பதவி, பள்ளி மின்னஞ்சல் வரட்டும். சொந்த ஜிமெயில் முகவரியைவிடப் பள்ளி முகவரிக்கு நம்பகம் அதிகம். ஒருவர் தலைமையாசிரியர். இன்னொருவர் உங்கள் வகுப்பில் உட்கார்ந்து பார்த்தவராக இருக்கட்டும். இருவரிடமும் முன்கூட்டியே சொல்லி, புது ரெஸ்யூமேயின் நகலையும் கொடுத்துவிடுங்கள். வெளிநாட்டிலிருந்து திடீரென்று அழைப்பு வரும்போது அவர்கள் வாயிலிருந்தும் அந்தப் பெஞ்சு வகுப்புக் கதை வர வேண்டும்.

கோப்பைப் பிடிஎஃப் ஆக்கி, உங்கள் பெயரையும் வேலையின் பெயரையும் கோப்புக்கு வைத்து அனுப்புங்கள். பன்னாட்டுப் பள்ளிக்கான இரண்டாவது ரெஸ்யூமேயை இன்னும் காணோமே?